பொலெந்தா கெட்டியானால் வெந்துவிட்டதா?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "இத்தாலியில் மார்க்கே பகுதியில் படிக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, பெரிய மரப்பலகையில் பொலெந்தாவை, அதாவது அவர்களுடைய மக்காச்சோளக் களியை ஊற்றி, மேலே பன்றிக்கறிச் சாறு பரப்பி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். இங்கே வந்து செய்தேன். முதல் தடவை கார்ன் ஃப்ளாரில் செய்து பசையானது. அடுத்து மஞ்சள் மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிண்டினேன். கட்டி தட்டியது, கால் மணி நேரம் வைத்தும் பச்சை வாசனை போகவில்லை. கறியைக் குக்கரில் ஐந்து விசில் விட்டேன். சாறு ரசம் மாதிரி ஓடியது. எங்கே தப்பு?"

முதல் தோல்வி உங்கள் தப்பில்லை, பெயர்க் குழப்பம். நம் கடைகளில் கார்ன் ஃப்ளார் என்று வெள்ளை வெளேரென விற்பது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாவுச்சத்து. சூப்பைக் கெட்டியாக்கத்தான் அது லாயக்கு. மஞ்சள் மாவு பரவாயில்லை, ஆனால் அது ரொட்டி தட்டுவதற்காக நைசாக அரைத்தது. இத்தாலியிலும் நைஸ் மாவு உண்டு, ஃபியொரெத்தோ என்பார்கள். கொரகொரப்பானது பிரமாத்தா. என் ஓட்டு பிரமாத்தாவுக்குத்தான், நாக்கில் தானியம் தெரிய வேண்டும். இங்கே மக்காச்சோள ரவை என்று முழுப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சும்மா சோள ரவை என்றால் வெள்ளைச்சோளத்தைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் ஆகிவிடும் என்று போட்ட பாக்கெட் முன்பே வேகவைத்து உலர்த்திய மாவு. அவசரத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

இனி கறி. அதை முதலில் முடித்துவிடுங்கள். சாறு காத்திருக்கும், சூடாக்கச் சூடாக்க ருசியும் ஏறும். பொலெந்தா ஒரு நிமிடம் காத்திருக்காது.

நாலு பேருக்கு அரைக் கிலோ பன்றி விலா எலும்பு, கொழுப்போடு கொத்திய கறி 400 கிராம். நீங்கள் சாப்பிட்ட சாறில் சாசேஜ் கிடந்திருக்கும். அது கிடைக்காவிட்டால் கொத்துக்கறியில் ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் மிளகு, இரண்டு பல் பூண்டு, ஒன்றிரண்டாகத் தட்டிய சோம்பு ஒரு டீஸ்பூன் சேர்த்துப் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சோம்பைப் பார்த்ததும் பட்டை, கிராம்பு பக்கம் கை போகும். போக விடாதீர்கள்.

எலும்பையும் உருண்டைகளையும் ஆலிவ் எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்துத் தனியே எடுங்கள். அதே எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி ஒவ்வொன்று, சிறு தீயில் பத்து நிமிடம். அரை டம்ளர் ஒயின் ஊற்றி வற்ற விடுங்கள். ஒயின் இல்லையென்றால் விட்டுவிடலாம், வினிகர் ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். பிறகு தோல் நீக்கி அரைத்த தக்காளி 700 கிராம், கறி, கொஞ்சம் உப்பு. நாட்டுத் தக்காளி அதிகம் புளிக்கும், பெங்களூர் தக்காளி இதற்குப் பொருந்தும். மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற தீயில் இரண்டு மணி நேரம்.

குக்கரில் ஏன் ஓடியது என்றால், விசில் வரும்போது தவிர அதில் ஆவி வெளியேற வழியில்லை. தக்காளியின் நீரும் கறியின் நீரும் பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிட்டன. குக்கர்தான் வேண்டுமென்றால் எலும்புக்கு மட்டும் பயன்படுத்தி, பிறகு திறந்த பாத்திரத்தில் வற்ற விடுங்கள். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளக் கூடாது. அதுதான் பதம்.

இப்போது கட்டி விஷயம். கொதிநீரில் உலர்ந்த மாவு விழுந்தால் மேல் பக்கம் உடனே உப்பித் தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் போகாது. களிக்குக் கொஞ்சம் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவோமே, அதே யோசனை இங்கேயும் எடுபடும். 300 கிராம் ரவையை ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்போடு கரைத்து, அப்படியே அடுப்பில் ஏற்றிக் கிண்டிக்கொண்டே வாருங்கள். இத்தாலியப் பாட்டிகள் கொதிநீரில் மழை மாதிரித் தூவுவார்கள். அது கை பழகியவர்களுக்கு.

கொதி வந்த சில நிமிடங்களில் கூழ் இறுகிவிடும். நீங்கள் ஏமாந்தது இங்கேதான். மாவுச்சத்து 70 டிகிரி வாக்கிலேயே உப்பிக் கெட்டியாகிவிடும், ஆனால் ரவையின் நடுப்பகுதிக்குத் தண்ணீர் போய்ச் சேர நேரம் பிடிக்கும். கெட்டியானதை வெந்ததாக நினைத்து இறக்கிவிட்டீர்கள். தீயைக் குறைத்து, மூடி போட்டு, ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அடிவரை கிண்டி, முழுசாக 45 நிமிடம் வையுங்கள். இறுகினால் வெந்நீர் ஊற்றுங்கள். குமிழி வெடித்துக் கையில் தெறித்தால் நன்றாகச் சுடும், நீளமான துடுப்பு நல்லது. களிக்கு ஈரக்கை வைத்துப் பார்ப்பது போல இதற்குச் செய்ய வேண்டாம். ஒரு துளி ஆறவைத்து வாயில் போடுங்கள். பல்லில் மணல் நெருடினால் இன்னும் பத்து நிமிடம்.

பலகை, வார்னிஷ் பூசாத மரமாக இருக்கட்டும். தண்ணீரில் நனைத்துத் துடைத்து, பொலெந்தாவை ஒரு விரல் கனத்துக்கு ஊற்றிப் பரப்பி, ஐந்து நிமிடம் விட்டபின் சாறு, அதன்மேல் துருவிய பெக்கொரீனோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ். கறித் துண்டுகளை நடுவில் குவித்துவிடுவது வழக்கம். ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருகிறவர்களில் யார் முதலில் நடுவுக்கு வருகிறாரோ அவருக்கு அதிர்ஷ்டம்.

ஒரு காலத்தில் இந்தக் கறி எல்லார் பலகையிலும் இருக்கவில்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலிய ஏழை விவசாயிகள் பொலெந்தாவை மட்டுமே தின்று, நியாசின் என்ற வைட்டமின் குறைந்தால் வரும் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள். அந்தப் பெயரை 1771இல் வைத்தவர் மிலான் மருத்துவர் ஃபிராபோல்லி. மக்காச்சோளத்தில் நியாசின் சத்து உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோக்காரர்கள் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அதை விடுவிப்பார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து தானியம் ஐரோப்பாவுக்கு வந்தது, அந்த வித்தை கூடவே வரவில்லை.

மிச்சமானால் தட்டில் கொட்டி இறுக விடுங்கள். மறுநாள் கத்தி வேண்டாம், ஒட்டும். வட இத்தாலியில் வெனெத்தோ பக்கம் செய்வது போல நூலை அடியில் விட்டு மேலே இழுத்தால் துண்டு சுத்தமாக வரும். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுக விடுங்கள். பாத்திரத்தின் அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள், அதற்கு அங்கே குழந்தைகள் சண்டையே போடுவார்கள்.