ஐந்தோவன் போகும் பசுமலைத் தம்பிக்கு: காரா, சைக்கிளா?

கேள்வி இதுதான். மதுரைப் பசுமலைக்காரர், வயது 38, வேலை மாற்றலில் நெதர்லாந்தின் ஐந்தோவனுக்குக் குடும்பத்தோடு போகிறார். மகளுக்கு ஆறு வயது. "அங்கே பெரிய ஆட்களே ஆபீசுக்குச் சைக்கிளில்தான் போகிறார்களாம். எனக்குக் காலேஜோடு சைக்கிள் போச்சு. அந்தக் குளிரிலும் மழையிலும் அவர்களால் எப்படி முடிகிறது? நான் போனதும் கார் வாங்கிவிடவா?"

தம்பி, அவர்களால் எப்படி முடிகிறது என்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அது பிறவிக் குணம் இல்லை. ஐம்பது, அறுபதுகளில் அந்த நாட்டிலும் கார்தான் பெருகியது. 1971இல் மட்டும் சாலையில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400க்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973இல் பெட்ரோல் நெருக்கடி வந்து, சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் ஊர் ஊராகப் பெருகின. இன்றைக்கு நாலு பயணத்தில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில் நடக்கிறது.

வயது வந்த ஒருவர் சைக்கிளை எடுப்பதும் எடுக்காததும் உடம்பு வலுவை வைத்தோ, சுற்றுச்சூழல் அக்கறையை வைத்தோ தீர்வதில்லை. எதில் போனால் சுருக்கப் போய்ச் சேரலாம், எதில் போனால் பயமில்லை, போன இடத்தில் வண்டியை எங்கே விடுவது என்று வாசலில் நிற்கும் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். நம்ம ஊரையே பாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகளில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள்; தாத்தா பாட்டி முதல் தத்தி நடக்கும் பிள்ளை வரை நடு வீதியில் நடக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி மாசி வீதிக்குப் போனதும் அதே ஆட்கள் ஆட்டோ தேடுவார்கள். மதுரைக்காரருக்கு நடக்கச் சோம்பல் என்று சொல்வதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பசுமலையிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். அதே தூரத்தை ஐந்தோவனில் கோட்டு சூட்டோடு மிதிக்கிறார்கள், இருபது நிமிஷம். நம்ம பக்கம் பழங்காநத்தத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் நுழைய வேண்டியிருக்கிறதே, அந்தப் பயம்தான் ஆளை ஸ்கூட்டரில் ஏற்றுகிறது.

ஆகவே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது வீட்டை. வண்டி அதற்குப் பிறகு. குடிபெயர்ந்த முதல் இரண்டு மூன்று மாதத்தில் எந்தப் பழக்கம் ஒட்டுகிறதோ அதுதான் நிலைக்கும். கார் இருக்கிறதே என்று தூரத்தில் வீடு பிடித்தால், அப்புறம் கார் இல்லாமல் பால் பாக்கெட்டும் வாங்க முடியாது. ஆபீசுக்கு ஆறு கிலோமீட்டருக்குள், பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரைக்குள், சூப்பர்மார்க்கெட்டுக்கு நடக்கிற தூரத்தில் பாருங்கள். கையெழுத்துப் போடுமுன் வாடகைச் சைக்கிள் எடுத்து, காலை எட்டரைக்கு அந்த வழியில் ஒருதடவை போய்ப் பாருங்கள். மேப் காட்டும் நிமிஷத்தைவிட அது நம்பகம். ஐந்தோவனை ஒட்டிய வெல்ட்ஹோவன் பக்கம் வீடு அமைந்தால், 2012இல் திறந்த ஹோவன்ரிங் வழியாகப் போக வாய்க்கும். கார்ச் சந்திப்புக்கு மேலே கம்பிகளில் தொங்கும் 72 மீட்டர் விட்டமுள்ள ரவுண்டானா, முழுக்கச் சைக்கிளுக்கு மட்டும்.

சைக்கிள் பழையதே போதும். கடையில் 150 முதல் 250 யூரோவுக்கு நல்லதாகக் கிடைக்கும். தெருவில் யாராவது முப்பது யூரோவுக்கு நீட்டினால் திருட்டு வண்டி. வாங்கியவர் மேலும் வழக்கு வரும். பிரேம் நம்பரைத் திருட்டுப் பதிவேட்டில் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். அந்த ஊர் ஆட்கள் உயரம் என்பதால் கடையில் நிற்பதெல்லாம் 57, 61 செ.மீ. பிரேம். உங்கள் உயரம் 165–170 செ.மீ. என்றால் 50–53 கேளுங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிங்காலை அதில் வைத்தால் கால் நீட்டமாக இருக்க வேண்டும். நம்ம ஊரில் சீட்டில் இருந்தபடியே தரையில் கால் ஊன்றுவோம். இந்த உயரத்தில் அது முடியாது. நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கித்தான் ஊன்ற வேண்டும்.

புதிதாகப் போனவர்களை முதல் வாரம் விழவைப்பது பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். பழைய டச்சு வண்டிகளில் பின் பிரேக் கையில் இருக்காது, பெடலில் இருக்கும். சிக்னலில் பெடலைப் பின்னோக்கிச் சுழற்றித் தோதான இடத்துக்குக் கொண்டுவரும் நம்ம பழக்கத்தில் சுழற்றினால், சக்கரம் பட்டென்று பூட்டிக்கொள்ளும். நிற்கப் போகும் கடைசிச் சுற்றிலேயே வலது பெடல் மேலே வரும்படி நிறுத்திப் பழகுங்கள். அது பழக்கத்துக்கு வராவிட்டால், இரண்டு கைப் பிரேக்கும் கியரும் உள்ள வண்டியாகவே எடுத்துவிடுங்கள்.

பஞ்சர் கடை தெருமுனையில் இருக்காது. செயின் கவரும், சக்கர அச்சுக்குள்ளேயே இருக்கும் ஹப் கியரும் இருப்பதால் பின் சக்கரத்தைக் கழற்றுவது பெரிய வேலை. கூலியும் அதற்கேற்ப வரும். ஒட்டுப் பெட்டி மூன்று நாலு யூரோதான். சக்கரத்தைக் கழற்றாமலே டயரை ஒருபக்கம் நெம்பி டியூப்பை வெளியே இழுத்து ஒட்டலாம். பெரும்பாலும் வால்வு நம்ம ஊர் சைக்கிள் வால்வு மாதிரியேதான், பயப்படாதீர்கள். காற்று 50–60 பி.எஸ்.ஐ. வையுங்கள். காற்றுக் குறைந்த டயரில்தான் கண்ணாடித்துண்டு ஏறும், ரிம்மும் கோட்டமாகும். வருஷத்துக்கு ஒருமுறை ஓவராயிலிங்.

பூட்டு இரண்டு வேண்டும். சக்கரத்தில் பொருத்திய வளையப் பூட்டு ஒன்று. அசையாத கம்பியோடு கட்டும் சங்கிலி ஒன்று. சங்கிலியைத் தரையில் கிடக்க விடாதீர்கள். கல்லில் வைத்து அடித்து உடைப்பது அங்கே சுலபம்.

பாதை விதிகளில் நாலைந்துதான் உயிர்நாடி. வலது பக்கம் ஓட்ட வேண்டும்; அறிவிப்பு இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு முதலிடம். தரையில் வெள்ளை முக்கோணங்கள் உங்களைப் பார்த்துக் கூர்நீட்டி இருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். திரும்புமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, கை காட்டுங்கள். லாரியின் வலப்பக்கம் ஒட்டி ஒருபோதும் நிற்காதீர்கள். டிரைவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்தால் 150 யூரோவுக்கு மேல் அபராதம். லைட் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு. மின்னி மின்னி எரியும் லைட் கூடாது. ஆம்ஸ்டர்டாம் மாதிரி டிராம் ஓடும் ஊருக்குப் போனால் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடந்து போங்கள், சாய்வாகப் போனால் டயர் இடுக்கில் இறங்கிவிடும்.

மழையைப் பற்றிக் கேட்டீர்கள். வருஷ மழையில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசமில்லை. நம்ம ஊரில் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். அங்கே வருஷம் முழுக்கத் தூறும். மழை ரேடார் ஆப்பில் பார்த்துப் பத்து நிமிஷம் தாமதித்தாலே பெரும்பாலும் நனையாமல் போகலாம். கோட்டும் பேன்டும் சேர்ந்த மழை உடுப்பு வாங்குங்கள். குடை பிடித்து ஓட்ட முயல வேண்டாம். குளிரில் முதலில் மரத்துப்போவது விரல், அதனால் கையுறைக்குக் காசு பார்க்காதீர்கள். உண்மையில் சோதிப்பது எதிர்க்காற்றும் இருட்டும். டிசம்பரில் எட்டே முக்காலுக்குத்தான் விடியும், நாலரைக்கு அஸ்தமனம். எதிர்க்காற்று வாட்டினால் கரன்ட் சைக்கிள், 25 கி.மீ. வேகத்துக்குள் உதவும் வகைக்கு லைசென்ஸ் தேவையில்லை.

மகளை எட்டு வயது ஆகும்வரை அதற்கான சீட்டில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும், சட்டம் அது. நாலு மாதத்தில் அவளே ஓட்டுவாள். முதலில் நீங்கள் தெருப்பக்கம், அவள் ஓரப்பக்கம். மனைவிக்குச் சைக்கிள் பழக்கமில்லை என்றால் தயங்க வேண்டாம், பல ஊர்களில் வந்து குடியேறிய பெண்களுக்கென்றே பயிற்சி வகுப்பு நடக்கிறது. துப்பட்டா சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் சேலை கார்டு மாதிரி மறைப்பு இருக்கும். இல்லாவிட்டால் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

காரைப் பொறுத்தவரை, ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். இந்திய லைசென்ஸ் பதிவு செய்த நாளிலிருந்து 185 நாள் செல்லும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கான 'முப்பது சதவீத' வரிச்சலுகை உங்களுக்குக் கிடைத்தால் தேர்வு எழுதாமலே மாற்றிக்கொள்ளலாம், அந்த வேலையை மட்டும் தள்ளாதீர்கள். காருக்கு இன்சூரன்ஸ், சாலை வரி, பல தெருக்களில் பார்க்கிங் அனுமதிக் கட்டணம் என்று நின்ற இடத்திலேயே காசு போகும். சைக்கிளில் வருபவருக்கும் கிலோமீட்டர் படி உண்டா என்று கம்பெனியில் கேளுங்கள். 2024இல் வரியில்லாமல் கொடுக்கக்கூடிய அளவு கிலோமீட்டருக்கு 0.23 யூரோ.

கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது என்றால், தெரிந்தவரிடம் ஒரு சைக்கிள் வாங்கி, பத்து நாள் வெள்ளென ஐந்தரைக்கு ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓட்டுங்கள். ஒரு கையை நீட்டிக்கொண்டே கோடு பிசகாமல் இருபது மீட்டர் போகத் தெரிய வேண்டும்; தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போது ஹேண்டில்பார் சாயக் கூடாது. இது இரண்டும் வந்துவிட்டால் மகளைப் பின்னால் உட்காரவைத்து மறுபடி முதலிலிருந்து, சூதானமாக.