கண்ணுக்குள் ஒரு கடைமடை: விஇஜிஎஃப் பற்றிக் கேள்வி பதில்

மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கண் டாக்டர் இல்லை, ஸ்கேனை அனுப்பாதீர்கள். சர்க்கரைக்காரர் கண்ணுக்குப் போடும் ஊசி குறிவைக்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில இங்கே.

மேலூர் வாசகர்: அம்மாவுக்கு விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது என்று மாதம் ஒரு ஊசி. மூன்று போட்டாச்சு, இன்னும் போடணும் என்கிறார்கள். ஒரே ஊசியில் முடியாதா சார்?

மேலூர்க்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வராவிட்டால் என்ன நடக்கும்? முதலில் சத்தம் போடுவீர்கள். அப்புறம் யாராவது ராத்திரியோடு ராத்திரியாக மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் இழுப்பார். அவசரத்தில் வெட்டியது, கரை நிற்காது. சுற்றியுள்ள வயலெல்லாம் ஊறிப்போகும்.

பல வருடச் சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்களைக் கெடுத்து அடைத்துவிடுகிறது. ஆக்சிஜன் கிடைக்காத செல்கள் போடும் சத்தம்தான் விஇஜிஎஃப். அது ரத்தக்குழாய்ச் செல்லின் மேல் நின்று சேதி வாங்கும் புரதங்களான ஏற்பிகளில் இரண்டைப் பிடித்து ஜோடி சேர்க்கிறது. ஜோடி சேர்ந்ததும் ஒன்றின் வாலில் மற்றது பாஸ்பேட்டை ஒட்டிவிடும். முளைக்கவும் வளரவும் கசியவும் உத்தரவு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். கசிய வைப்பது இதன் பழைய தொழில். 1983இல் முதலில் கண்டபோது வைத்த பெயரே குழாயைக் கசிய வைக்கும் காரணி என்பதுதான். 1989இல் நெப்போலியோன் ஃபெராராவின் குழு மரபணுவைப் பிரித்தெடுத்தபோது ‘வளர்ச்சிக் காரணி’ ஆயிற்று.

ஊசி சத்தத்தை அடக்கும், கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுவராது. சில வாரங்களில் மருந்து கண்ணை விட்டு வடிந்ததும் பழையபடி சத்தம் கிளம்பும். அம்மாவின் சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருக்கட்டும். எத்தனை ஊசி என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

திருமங்கலத்திலிருந்து: அப்பா கண்ணில் போட்டது கேன்சர் மருந்தாம். பயமாக இருக்கிறது.

பெவாசிசுமாபைச் சொல்கிறீர்கள். 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டியும் இதே சத்தம் போட்டுத்தான் தனக்கு ரத்தக்குழாய் இழுத்துக்கொள்கிறது, அதனால் இரண்டு இடத்துக்கும் ஒரே மருந்து. இது கீமோ மாதிரி செல்லைக் கொல்வதில்லை, விஇஜிஎஃபைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆன்டிபாடி. கண்ணுக்கென்றே 2006இல் வந்த ரானிபிசுமாபுடன் இதை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2011இல் வெளிவந்தது. முதுமையில் வரும் மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவில் இரண்டுக்கும் பார்வைப் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

கண்ணுக்குப் போவது 1.25 மில்லிகிராம், சிறிய குப்பியிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது. பிரித்துப் போடுவதால்தான் விலை குறைகிறது. அப்படிப் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் தொற்று வரும். நான் பயப்படுவது அதற்குத்தான், ‘கேன்சர்’ என்ற பெயருக்கு அல்ல.

உசிலம்பட்டி: மாத்திரையாகக் கொடுத்தால் என்ன?

ஆன்டிபாடியை விழுங்கினால் வயிற்றில் இட்லியோடு சேர்ந்து செரித்துவிடும். ஏற்பியை உள்பக்கமிருந்து அடைக்கும் மாத்திரைகள் உண்டு. சுனிடினிப் என்பதைச் சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். ஆனால் புண் ஆறவும் சிறுநீரக வடிகட்டி ஒழுங்காக நிற்கவும் விஇஜிஎஃப் வேண்டும். உடம்பு முழுக்க அதை அடைத்தால் பிரஷர் ஏறும், சிறுநீரில் புரதம் போகும். கண்ணுக்காக அந்த விலையா?

பல்கலை நகர் மாணவி: ஐயா, மூலிகைச் சேர்மங்கள் இந்த ஏற்பியில் பொருந்துகின்றனவா என்று கணினியில் டாக்கிங் செய்கிறேன். ஸ்கோர் நன்றாக வருகிறது. மருந்தாகுமா?

அம்மா, கோபித்துக்கொள்ளாதே. கணினியில் எதைப் போட்டாலும் ஏதோ ஒரு ஸ்கோர் வரும். நீ குறிவைத்திருப்பது, ஒட்டுவதற்கான பாஸ்பேட்டைக் கொடுக்கும் ஏடிபி உட்காரும் பள்ளம். மனித உடம்பில் இதைப்போல் பாஸ்பேட் ஒட்டும் புரதங்கள், அதாவது கைனேஸ்கள், 500க்கு மேல் இருக்கின்றன, எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே பள்ளம். உன் சேர்மம் வேறு எதில் போய் உட்காரும், செல்லுக்குள் நுழையுமா, கல்லீரல் அதை விட்டுவைக்குமா? ஸ்கோருக்கு இதெல்லாம் தெரியாது. நாற்பது சேர்மங்களை டாக்கிங் செய்வதைவிட ஒன்றைத் தட்டிலுள்ள செல்களில் போட்டுப் பார். பொய்த்தால்கூட அது ஒரு முடிவு.

புது இலக்கு வேண்டுமானால் ஆஞ்சியோபாய்டின்-2 என்ற புரதத்தைப் பற்றிப் படி. குழாய்ச் சுவரை உறுதியாக வைத்திருக்கும் டை-2 ஏற்பியின் வேலையைக் கெடுப்பது அதுதான். அதையும் விஇஜிஎஃபையும் சேர்த்துப் பிடிக்கும் ஃபாரிசிமாப் என்ற மருந்து 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது.

சோழவந்தான்: பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் ஊசியை நிறுத்தலாமா?

கீரை சாப்பிடுங்கள். ஊசியை நிறுத்தாதீர்கள்.

செல்லூர்: ஊசி போட்ட மூன்றாம் நாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். போகலாமா?

அன்றைக்குத் தண்ணீர் பீய்ச்சாத மதுரைக்காரர் யார்? கண்ணில் தண்ணீர் படக்கூடாத நாள் அது. இந்த வருடம் டிவியில் கும்பிட்டுக்கொள்ளுங்கள். வலி, சிவப்பு, பார்வை மங்கல் இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.