எதிரித் தலைவரைக் கொன்றுவிட்டதாக அறிவிக்கும் அரசு அதற்கான ஆதாரத்தை வெளியிட வேண்டுமா? பின் லாடன் படத்தை அமெரிக்கா மறைத்தது சரியா?

ஆதாரத்தை வெளியிடத்தான் வேண்டும். பிணத்தின் படத்தை வெளியிட வேண்டியதில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒவ்வொரு முறையும் அதே சண்டை வருகிறது.

பின் லாடன் கதையையே எடுத்துக்கொள்வோம். 2011 மே 2 அதிகாலையில் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒரு வீட்டுக்குள் புகுந்து அமெரிக்கக் கடற்படை வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் கார்ல் வின்சன் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்குக் கொண்டுபோய் ஒரு நாளுக்குள் கடலில் இறக்கிவிட்டார்கள். உடல் போச்சு, படமும் வெளிவரவில்லை. அந்த இடைவெளியில் ரத்தம் தோய்ந்த முகத்தோடு ஒரு படம் இணையத்தில் பரவியது. பாகிஸ்தான் தொலைக்காட்சி காட்டியது, பிரிட்டனில் சில நாளிதழ்களின் தளங்களும் போட்டன. வேறு யாரோ ஒருவரின் பிணத்தில் பின் லாடனின் பழைய படத்தை ஒட்டிச் செய்த போலி அது. ஸ்காட் பிரவுன் என்ற அமெரிக்க செனட்டர், தான் படத்தைப் பார்த்துவிட்டதாகவும் இறந்தது அவர்தான் என்றும் பேட்டியே கொடுத்தார். அவர் பார்த்ததும் போலிதான். பிறகு அவரே ஒப்புக்கொண்டார். ஆட்சிமன்ற உறுப்பினருக்கே போலிக்கும் அசலுக்கும் வித்தியாசம் தெரியாதபோது, படம் வந்தால் ஊர் நம்பிவிடும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

சிஐஏ இயக்குநராக இருந்த லியோன் பனெட்டா, படம் எப்படியும் வெளிவரும் என்றுதான் முதலில் சொன்னார். அடுத்த நாளே ஒபாமா மறுத்துவிட்டார். படம் வெளியானால் வன்முறையைத் தூண்டும், எதிரிகளுக்குப் பிரசாரப் பொருளாகும், வெற்றிக் கோப்பை மாதிரி இதைத் தூக்கிக் காட்டுவது நம் வழக்கமில்லை என்பது அவர் வாதம். கடைசிக் காரணத்தை நான் முழுதாக ஏற்க மாட்டேன். எட்டு வருடம் முன்னால் அதே நாடுதான் அதைச் செய்தது.

2003 ஜூலை 22 அன்று மோசுல் நகரில் சதாம் உசேனின் மகன்கள் உதய், குசை இருவரும் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் படங்கள் வெளியாயின. முகமெல்லாம் தாடி, காயம், வீக்கம். "இது அவங்க இல்லை" என்று பாக்தாதில் பலர் சொன்னார்கள். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? பிணங்களின் முகத்தைச் சவரம் செய்து, காயங்களைப் பூசி மூடி, உயிரோடு இருந்தபோது இருந்த தோற்றத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து, பாக்தாத் விமான நிலையத்தில் நிருபர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நம்பாதவர்களுக்கு அது இன்னும் வசதி. மேக்கப் போட்ட பிணம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதே ஆண்டு மார்ச்சில், பிடிபட்ட அமெரிக்க வீரர்களையும் இறந்தவர்களையும் ஈராக் தொலைக்காட்சி காட்டியபோது, ஜெனீவா ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று கொதித்தவர் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்ட். ஜூலையில் மகன்களின் படத்தை வெளியிட்டது சரி என்று வாதாடியவரும் அவரே.

படத்தை வெளியிடும் அரசு நினைப்பது ஒன்று, படம் போய்ச் செய்வது இன்னொன்று. 1967 அக்டோபரில் பொலிவிய ராணுவம் சே குவேராவைச் சுட்டுக் கொன்றுவிட்டு, வாயேகிராண்டே ஊரின் மருத்துவமனையில் துணி துவைக்கும் கொட்டகைத் தொட்டியின் மேல் உடலைக் கிடத்தி, நிருபர்களை அழைத்துக் காட்டியது. கண்கள் திறந்தபடி, நீண்ட முடியோடு, மார்புக்குச் சட்டையில்லாமல் படுத்திருந்த அந்த உருவத்தைப் பார்த்தவர்களுக்குச் சிலுவையிலிருந்து இறக்கிய ஏசுதான் நினைவுக்கு வந்தார். அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் அவரைப் புனிதராக நினைத்து வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அடையாளத்தை உறுதிசெய்ய அவர் கைகளை வெட்டி எடுத்தார்கள். விரல்ரேகை ஒத்துப்போனது. நிஜமான ஆதாரம் அதுதான். ஆனால் உலகம் வைத்துக்கொண்டது படத்தை.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர் 16-இல் ரஃபாவில் ஹமாஸ் தலைவர் யாஹ்யா சின்வார் இறந்தார். சுட்ட வீரர்களுக்கே அது யார் என்று அப்போது தெரியாது. அவர் இஸ்ரேல் சிறையில் பல வருடம் இருந்ததால் பல் பதிவும் ரேகையும் கையில் இருந்தன, மறுநாளே உறுதியாயிற்று. அங்கே நிறுத்தியிருக்கலாம். ட்ரோன் காட்சியையும் வெளியிட்டார்கள். இடிந்த வீட்டில், காயம்பட்டு, சோபாவில் உட்கார்ந்தபடி, ட்ரோனை நோக்கி ஒரு குச்சியை வீசுகிறார். தோற்றுப்போன ஆளைக் காட்டுவதாக இஸ்ரேல் நினைத்தது. பாலஸ்தீனர்கள் பலர் அதைக் கடைசி மூச்சுவரை போராடியவரின் காட்சியாகப் பகிர்ந்தார்கள்.

தமிழில் இந்தக் கேள்வியைப் படிக்கிற எல்லோருக்கும் மனதில் வேறொரு படம்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பேசாமல் போனால் ஏமாற்று வேலை.

2009 மே 18 அன்று, பிரபாகரன் வாகனத்தில் தப்ப முயன்றபோது கொல்லப்பட்டதாக முதலில் செய்தி வந்தது. மறுநாள், நந்திக்கடல் ஓரத்தில் உடல் கிடைத்ததாகச் சொல்லித் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு கதை. முன்னாள் புலிகளான கருணாவையும் தயா மாஸ்டரையும் அழைத்துவந்து அடையாளம் காட்டவைத்தார்கள். மரபணுச் சோதனை செய்ததாகச் சொன்னார்கள். உடல் குடும்பத்தார் யாரிடமும் போகவில்லை, வெளியார் எவரும் பரிசோதிக்கவும் இல்லை. அந்த வாரம் எங்கள் தெரு டீக்கடையில் நாளிதழை மேசையில் விரித்துப் போட்டு ஆளுக்கொரு ஆராய்ச்சி. தலையில் ஏன் துணி போட்டிருக்கிறார்கள், முகம் ஏன் இவ்வளவு மழமழவென்று இருக்கிறது, வயது குறைவாகத் தெரிகிறதே என்று. கொஞ்ச நாளில் ஒரு தமிழ்ப் பத்திரிகை, பிரபாகரன் தன் மரணச் செய்தியைத் தானே டிவியில் பார்த்துக்கொண்டிருப்பது போல ஒட்டுவேலை செய்த படத்தை அட்டையில் போட்டது. ஆளாளுக்கு வாங்கிக் கொண்டுபோனார்கள்.

இங்கே மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1989-இலும், சுனாமிக்கு அப்புறம் 2005-இலும் அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்து, பொய் என்று ஆனது. இரண்டு முறை செத்துப் பிழைத்தவர் மூன்றாம் முறையும் பிழைப்பார் என்று நினைப்பதில் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. புலிகளின் சர்வதேசத் தொடர்புப் பொறுப்பாளர் பத்மநாதனும் முதலில் தலைவர் உயிரோடு இருப்பதாகவே சொன்னார். மே 24-இல்தான் இறந்ததை ஒப்புக்கொண்டார். நான் அறிந்தவரை, அதுவரை வாதாடிக்கொண்டிருந்தவர்களில் பலர் அடங்கியது அன்றைக்குத்தான். அரசு காட்டிய படத்துக்கு அசையாதவர்கள், தங்கள் பக்கத்து ஆள் சொன்ன ஒரு அறிக்கைக்கு அசைந்தார்கள். எல்லோரும் அல்ல. 2023 பிப்ரவரியில் தஞ்சாவூரில் பழ. நெடுமாறன், பிரபாகரன் நலமாக இருக்கிறார் என்று அறிவித்தார், இலங்கை ராணுவம் அன்றே மறுத்தது.

பின் லாடன் விஷயமும் இப்படித்தான் முடிந்தது. ஒபாமா பேச்சுக்கு அடங்காத சந்தேகத்தின் பெரும்பகுதி, மே 6-இல் அல்கொய்தாவே அவர் இறந்ததை அறிக்கையாக வெளியிட்டதும் அடங்கியது. முல்லா ஓமர் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அவர் 2013-இல் இறந்துபோனார், தாலிபான் இரண்டு வருடம் மூடி மறைத்து, 2015 ஜூலையில்தான் ஒப்புக்கொண்டது. அதுவரை அவர் பெயரில் செய்திகூட வந்துகொண்டிருந்தது.

அப்படியானால் அரசு எதையுமே வெளியிட வேண்டாம், அவர்களே சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாலின் இருக்கிறார். 1945 மே மாதம் பெர்லினில் ஹிட்லரின் உடல் எச்சங்களைச் சோவியத் உளவுப் பிரிவு கண்டெடுத்தது. ஹிட்லரின் பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்த கேத்தே ஹாய்சர்மன் என்ற பெண்ணைப் பிடித்துக் கேட்டார்கள். பல்லில் எங்கே என்ன வேலை செய்திருந்தது என்று அவர் நினைவிலிருந்தே சொன்னார், கிடைத்த தாடையோடு பொருந்தியது. முடிந்தது விஷயம். ஆனால் ஸ்டாலின் அதை வெளியே சொல்லாமல், ஹிட்லர் ஸ்பெயினுக்கோ அர்ஜென்டினாவுக்கோ தப்பியிருக்கலாம் என்று அமெரிக்கர்களிடமே கதை விட்டார். உண்மையைச் சொன்ன ஹாய்சர்மனுக்குக் கிடைத்தது பத்து வருடச் சோவியத் சிறை. அர்ஜென்டினாவில் ஹிட்லரைப் பார்த்தேன் என்கிற கதைகள் இன்னும் ஓடுகின்றன. நமக்கும் இந்த நோய் தெரியும். 1945 ஆகஸ்டில் தைபேயில் நடந்த விமான விபத்தில் நேதாஜி இறந்ததை நம்ப மறுத்து எத்தனை விசாரணை ஆணையம்! ஷா நவாஸ், கோஸ்லா, முகர்ஜி என்று மூன்று. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அவர் உயிரோடு இருப்பதாகவே மேடைகளில் சொல்லிவந்தார்.

சரி, எதை வெளியிடுவது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். 1949-இன் முதல் ஜெனீவா ஒப்பந்தத்தில் 16, 17-ஆம் பிரிவுகளிலேயே இருக்கிறது. எதிரி தரப்பில் இறந்தவரின் அடையாள விவரங்களைப் பதிய வேண்டும், முடிந்தால் மருத்துவரை வைத்து உடலைச் சோதித்து மரணத்தையும் அடையாளத்தையும் உறுதிசெய்ய வேண்டும், மரணச் சான்றையோ அத்தாட்சி பெற்ற பட்டியலையோ எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும், கௌரவமாக அடக்கம் செய்ய வேண்டும். இயக்கத் தலைவர்கள் விஷயத்தில் இது சட்டப்படி எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வக்கீல்கள் வாதாடும் சமாச்சாரம், ஆனால் முறை என்று பார்த்தால் இதைவிட ஒழுங்கானது கிடையாது. இதில் எங்கேயும் கேமரா இல்லை. யார் சோதித்தார், எந்த உறவினரின் மாதிரியோடு ஒப்பிட்டார், பல், ரேகை, பழைய எலும்பு முறிவு என எது ஒத்துப்போனது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம்தான் கேட்கப்படுகிறது. காகிதம் வேலை செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பிரபாகரன், புலிகளின் உளவுப் பிரிவுத் தலைவர் பொட்டு அம்மான் இருவர் மீதான குற்றச்சாட்டுகளையும் 2010-இல் சென்னை தடா நீதிமன்றம் முடித்துவைத்தது. பொட்டு அம்மானின் உடலை யாரும் காட்டியதே இல்லை.

பின் லாடனுக்கு அமெரிக்கா இதில் பாதியைச் செய்தது. வீட்டிலிருந்த பெண் ஒருவர் அடையாளம் சொன்னார், முகஒப்பீடு நடந்தது, உறவினர்களின் மரபணுவோடு ஒத்துப்பார்த்தார்கள். ஆப்கானிஸ்தான் தளத்தில் உடலை இறக்கி உயரம் பார்க்கப் போனால் கையில் டேப் இல்லை. ஆறடிக்கு மேல் இருந்த ஒரு வீரரைப் பிணத்துக்குப் பக்கத்தில் படுக்கச் சொல்லிக் கணக்குப் போட்டார்கள். இவ்வளவு கோடி செலவழித்துப் போனவர்கள் ஒரு டேப் கொண்டுபோகவில்லையா என்று ஒபாமா கேலி செய்து, அப்புறம் அந்த நடவடிக்கையை நடத்திய தளபதி மெக்ரேவனுக்கு டேப் பதித்த கேடயம் ஒன்றைக் கொடுத்தார். எனக்கு இந்த விவரம், எந்தப் படத்தையும்விட நம்பும்படியாக இருக்கிறது. கட்டுக்கதை சொல்கிறவன் டேப்பை மறந்துவிட்டுப் போயிருக்க மாட்டான்.

படம் வேண்டாம் என்கிற என் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, நீங்கள் கமெண்டில் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். "செத்தாரா" என்பது ஒரு கேள்வி, "எப்படிச் செத்தார்" என்பது வேறு கேள்வி. முதலாவதுக்கு அரசு ஓடிவந்து பதில் சொல்லும், இரண்டாவதை அமுக்கப் பார்க்கும். 2011 அக்டோபர் 20 அன்று லிபியாவின் சிர்த் நகரில் கடாஃபி மோதலில் இறந்ததாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். உயிரோடு பிடிபட்டு அடிவாங்குவதை யாரோ செல்போனில் எடுத்ததால்தான் நடந்தது வெளியே தெரிந்தது. 2013-இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி வெளியிட்ட, பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படங்களும் அப்படித்தான். பன்னிரண்டு வயதுப் பையன் மணல்மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எதையோ தின்கிறான். அடுத்த படத்தில் நெஞ்சில் குண்டுக்காயங்களோடு கிடக்கிறான். இலங்கை அரசு மறுத்தது. ஆனால் தமிழ்நாட்டில் அந்த வருடம் மாணவர்கள் தெருவுக்கு வந்ததில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே படம் எடுக்காதே என்றோ, எடுத்ததை அழி என்றோ நான் சொல்லவில்லை. எடுக்க வேண்டும், கோப்பில் இருக்க வேண்டும், கொன்ற ராணுவத்தின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. நீதிமன்றமோ செஞ்சிலுவை மாதிரி வெளியாரோ பார்த்து, எப்படி இறந்தார் என்று எழுதட்டும். நாளிதழின் முதல் பக்கத்துக்குப் போக வேண்டியதில்லை.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், மக்களிடம் காட்ட மாட்டேன் என்று ஒபாமா சொன்னதில் எனக்குக் குறையில்லை. செனட்டர்கள் சிலரை அழைத்துச் சிஐஏ அலுவலகத்தில் படங்களைக் காட்டினார்கள், அதுவும் சரி. தகவல் உரிமைச் சட்டத்தில் வழக்குப் போட்டபோது 52 படங்களும் காணொளிகளும் இருப்பதாகச் சிஐஏ ஒத்துக்கொண்டது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் தர வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னது. அதையும் விட்டுவிடலாம். ஆனால் 2011 மே 13 அன்று, கேட்டு விண்ணப்பங்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில், கையில் வைத்திருக்கும் படங்களை உடனே அழித்துவிடுங்கள், இல்லையென்றால் உரிய இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள் என்று மெக்ரேவன் தன் ஆட்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அது 2014-இல்தான் வெளியே வந்தது. நான் அமெரிக்கா மேல் வைக்கிற குற்றச்சாட்டு அந்த மின்னஞ்சல்தான்.