ஓ.எல். முடித்த பிள்ளை பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுக்கலாமா?

தங்கச்சி, இலங்கையில் ஹட்டனிலிருந்து நீலகிரியில் கோத்தகிரிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மகள் ஓ.எல். (அங்கே பதினோராம் ஆண்டில் எழுதும் பொதுப் பரீட்சை) முடித்திருக்கிறாள், பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்தால் பாஸாவது ஆவாளா, எல்லோரும் வேறு குரூப்பில் சேர்க்கச் சொல்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, ரேஷன் கார்டு, குளிர். வாடகையை அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், ரேஷன் கார்டு விவரம் தாலுகா ஆபீஸில் சொல்வார்கள், நுவரெலியா மாவட்டத்துப் பனியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குளிர் ஒன்றும் செய்யாது. நான் உயிரியலைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன். 1982-இல் என் அம்மா இதே கேள்வியோடு இந்த மலையில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றார், அவருக்குக் கிடைத்த பதில் உங்களுக்குக் கிடைக்கக்கூடாது.

எடுக்கட்டும். கட்டாயம் பாஸ் ஆவாள். அங்கே பாஸுக்கான கடைசித் தரமான ‘எஸ்’ வாங்க 35, இங்கேயும் பாஸுக்கு 35. அந்த 35 எப்படி வருகிறது என்பதைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் 70-க்கு 15-க்குக் குறையக்கூடாது, மொத்தம் 35 வரவேண்டும், அவ்வளவுதான். அந்த 70-ம் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35 என்று சரிபாதி, இரண்டிலும் ஒரு மதிப்பெண் கேள்விகள் எட்டெட்டு. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய், ரெக்கார்ட் நோட்டை முடித்து, செய்முறையைக் கைப்பட செய்த பிள்ளைக்கு முப்பதில் பெரும்பகுதி பரீட்சைக்கு முன்பே கையில் வந்துவிடும். அப்புறம் புக் பேக் (பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகள்) ஒரு மார்க், நாலு படம், கொஞ்சம் இரண்டு மார்க் கேள்வி. நான் பார்த்தவரையில் உயிரியலில் தவறிய பிள்ளைகள் பாடம் புரியாமல் தவறவில்லை, செய்முறை வகுப்புக்கு மட்டம் போட்டதாலும் தாவரவியலைப் படித்துவிட்டு விலங்கியலைக் கைவிட்டதாலும் தவறினார்கள். இரண்டுக்கும் தனித்தனி விடைத்தாள். ஒன்றிலேயே நேரத்தையெல்லாம் செலவழித்துவிட்டு மற்றதை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு கஷ்டம் உண்டு, அது நம் பிள்ளைகளுக்கு மட்டுமே வருவது, அதனால் வாத்தியார்களுக்கே தெரியாது. உங்கள் மகள் கலம், இழையம், ஒளித்தொகுப்பு, நிறமூர்த்தம், பரம்பரையலகு என்று படித்து வந்திருப்பாள். இங்கே புத்தகத்தில் செல், திசு, ஒளிச்சேர்க்கை, குரோமோசோம், ஜீன் என்று இருக்கும். முதல் இரண்டு மாதம் வகுப்பில் தெரிந்த பாடமே தெரியாத மாதிரி இருக்கும், பிள்ளை ‘எனக்கு சயின்ஸ் வராது’ என்று முடிவு கட்டிவிடும். எனக்கு அப்படித்தான் இருந்தது. என் விலங்கியல் டீச்சர் திருநெல்வேலிக்காரர். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு நோட்டில் இடதுபக்கம் என் சொல், வலதுபக்கம் இங்கத்துச் சொல் என்று எழுதவைத்தார். ஒரு பருவம் முடிவதற்குள் அந்த நோட்டே தேவைப்படவில்லை. உங்கள் மகளும் இன்றைக்கே ஆரம்பிக்கட்டும். முதல் வருடம் தமிழ் மீடியத்திலேயே இருக்கட்டும், நாலு பேர் சொல்கிறார்கள் என்று இங்கிலீஷ் மீடியத்தில் போட்டு இரட்டைச் சுமை ஏற்றாதீர்கள்.

வேறு குரூப்பில் சேர்க்கச் சொல்கிறவர்கள் யார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். பாதிப் பேர் நம் ஆட்களாகத்தான் இருப்பார்கள். இலங்கையிலிருந்து ஒரே கப்பலில் வந்து, ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) கிடந்து, இன்றைக்கு மாடி வீடு கட்டியவர்கள், நம்ம பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிப்படாது, பத்தாவது முடித்தால் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பு என்கிறார்கள். உழைத்துச் சாப்பிடுவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் படிக்க ஆசைப்படும் பிள்ளையிடம் இதைச் சொல்வது பாவம். இன்னும் சிலர் கோயமுத்தூர் பக்கம் என்று ஊர்ப்பெயரையே மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் ஒரு நல்ல டீச்சரால் உதவமுடியும்.

நாங்கள் 1979-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு வந்தோம். இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பற்றி இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கிய 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் ஒன்று. அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர் (தேயிலைச் செடியைக் கத்தரிப்பவர்), அம்மா கொழுந்து எடுப்பவர். தேயிலையைத் தவிர வேறு தொழில் தெரியாத அவர்களைச் சமவெளியில் கடன் கொடுத்துக் கடை வைக்கச் சொன்னார்கள், அது நடக்காது என்று தெரிந்ததும் மலையேறிவிட்டோம். அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் இடம் கிடைத்தவர்கள் கூடலூர், பந்தலூர் பக்கம் போனார்கள், எங்களுக்குக் கிடைக்கவில்லை, கோத்தகிரியில் கூலிக்கு நின்றோம். பள்ளியில் எங்களை அகதிப் பிள்ளைகள் என்றார்கள். அகதியாக வந்தவர்கள் பட்டது எங்களைவிடப் பெரிய துயரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாங்கள் பாஸ்போர்ட்டோடு, இரண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்ட தாளின்படி வந்த இந்தியக் குடிமக்கள், அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. பிளஸ் ஒன் சேர்க்கையில் ‘சிலோன் பிள்ளைக்கு எதுக்கு சயின்ஸ் குரூப், லேப் பீஸ் கட்டுவீங்களா’ என்று அம்மாவைக் கேட்டார்கள். அம்மா கட்டுவேன் என்றார். மதியம் வரை அந்த வாசலைவிட்டு நகரவில்லை. அந்த உயிரியல்தான் என்னை ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன் ஆக்கியது, எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்.

சரி, குரூப் விஷயம். கணக்கு பயமாக இருந்தால் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடமாக இருக்கும் பியூர் சயின்ஸ் குரூப்பைக் கேளுங்கள். கணக்கு வரும் என்றால் கணிதம்-உயிரியல் குரூப், நான் மேலே சொன்ன சரிபாதிக் கணக்கு உயிரியல் ஒரே பாடமாக இருக்கும் இந்த மாதிரி குரூப்புக்குத்தான். எதிலும் இயற்பியல், வேதியியல் உண்டு, அதையும் மறக்காதீர்கள்.

உயிரியல் என்றதுமே டாக்டர் கனவை விற்க ஆள் வருவார்கள், பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியல் 360 என்பது உண்மைதான், ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு இங்கே ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு, பதினொன்றில் சேர்கிறவளுக்கு அது கிடையாது. அதை மறைத்துக் கோச்சிங் விற்கிறார்கள். நீட் எழுத ஆசை இருந்தால் எழுதட்டும். அது இல்லாமலே நர்சிங், லேப், பார்மசி என்று வழி இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் வனவியல் கல்லூரியே இருக்கிறது.

இந்த மலையில் உயிரியல் படிப்பது ஒரு கொடுப்பினை. சவ்வூடு பரவலுக்கு (சவ்வு வழியாகத் தண்ணீர் ஊடுருவுவது) உருளைக்கிழங்கைக் குடைந்துதான் செய்முறை செய்வார்கள், கிழங்குக்கு இங்கே பஞ்சமா? குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, வெறிநாய்க்கடித் தடுப்பூசி செய்த இடம். அரிவாள் செல் இரத்தசோகை இந்தியாவில் முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. பிற்பாடு மைக்ராஸ்கோப்பில் அந்த வளைந்த செல்லை நானே பார்த்தபோது புத்தகத்தில் இருந்த படம்தான் ஞாபகம் வந்தது. இந்த மலைக்கே உரிய சோலைக் காட்டுக்கும் வெளிநாட்டு வாட்டில் மரம் அடைத்த காட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை பஸ் ஜன்னலிலேயே காட்டலாம். உங்கள் மகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: பல்லுயிர் வளத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே ஹாட்ஸ்பாட்டாகத்தான் (அரிய உயிர்கள் நிறைந்து, அழியும் ஆபத்தில் இருக்கும் பகுதி) கணக்கில் வைத்திருக்கிறார்கள். அவள் அங்கே பார்த்த காடு இங்கே பாடத்தில் உதவும்.

அங்கே ஓ.எல். பதினோராம் ஆண்டில் எழுதுவதால் வகுப்பில் உள்ளவர்களைவிட ஒரு வயது மூத்தவளாக இருப்பாள், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ஆனால் யூனிபார்ம் தைக்கக் கொடுப்பதற்கு முன்னால், ஓ.எல். சான்றிதழைப் பத்தாம் வகுப்புக்கு இணையாக ஏற்க என்ன தாள் வேண்டும் என்று ஊட்டியில் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பனி இறங்கிய பிறகு அவளைத் தேயிலைக் காட்டுக் குறுக்குப்பாதையில் தனியாக வரவிடாதீர்கள், கரடியும் காட்டுமாடும் நடமாடுகிற நேரம் அது. கூட வர நாலு பிள்ளைகள் இல்லையென்றால் நீங்களே போய்க் கூட்டி வாருங்கள்.