மழையில்லாத ஊர் அணையில் சேறு எப்படி?
வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வெளியே பெரிய அணை இருக்கிறதாம். "தண்ணீரே இல்லை, வெடித்த களிமண்தான் கிடக்கிறது" என்று வீடியோ அனுப்பினான். மழையே பெய்யாத ஊரில் அவ்வளவு சேறு எப்படி ஐயா வந்தது?
- வாசகி, கீழக்கரை

பதில்: உங்கள் மகன் பார்த்தது அநேகமாக அல் கூத் அணையாக இருக்கும் அம்மா. 1985-இல் கட்டியது. மழை குறைவு என்பதால்தான் அங்கே சேறு அதிகம். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் வருஷத்துக்கு 800 மி.மீ.யை ஒட்டிப் பெய்கிறது. மஸ்கட்டில் 100 மி.மீ. அளவுதான். அதுவும் ஓரிரு நாளில் கொட்டித் தீர்த்துவிடும். மலையெல்லாம் மொட்டை. மண்ணைப் பிடித்துவைக்கப் புல்பூண்டு கிடையாது. அதனால் வருகிற வெள்ளம் பாதி மண்ணாகத்தான் வருகிறது. நல்ல மழையூரில் காடு மண்ணைக் காக்கும். ஒரு சொட்டும் பெய்யாத ஊரில் மண்ணை இழுத்துவரத் தண்ணீர் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊருக்குத்தான் இந்தத் தலைவலி. வருஷத்துக்கு 300 மி.மீ.யை ஒட்டிப் பெய்யும் இடங்களில்தான் மண் அதிகம் அடித்துப் போகிறது என்று 1958-இலேயே அமெரிக்காவில் லாங்பெயின், ஷூம் என்ற இருவர் எழுதினார்கள்.

அந்த அணை பாசனத்துக்கானது அல்ல. வெள்ளத்தை மறித்து, சேறு படிந்ததும் தெளிந்த நீரைக் கீழே சரளை நிலத்தில் விடுவார்கள். அது நிலத்துக்குள் இறங்கி, கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறாமல் தடுக்கும். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படிந்த களியை அவ்வப்போது வாராவிட்டால் அணையில் நீர் பிடிக்கும் இடமும் குறையும், அடித்தரையில் நீர் இறங்குவதும் நின்றுபோகும். வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடப்பதால் இயந்திரம் இறக்கி வார முடிகிறது. அந்த வசதி எல்லா அணைக்கும் இல்லை.

கேள்வி: வைகை அணையைத் தூர்வாரப் போவதாக நான் சிறுவயதிலிருந்து கேள்விப்படுகிறேன். ஏன் நடக்கவில்லை?
- வாசகர், பார்த்திபனூர்

பதில்: அரசியலை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். துங்கபத்ரா அணை 1953-இல் நிரம்பத் தொடங்கியபோது சுமார் 133 டி.எம்.சி. பிடித்தது. இப்போது 105 சொச்சம். காணாமல் போன 27 டி.எம்.சி.யும் மண். ஒரு டி.எம்.சி. என்றால் 2.83 கோடி கன மீட்டர். லாரிக்குப் பத்து கன மீட்டர் வைத்தாலும் ஏழரைக் கோடி நடைக்கு மேல் வரும். (ஏழரை என்றாலே நமக்கு ஆகாது!) ஓட்ட லாரி கிடைத்தாலும், அள்ளிய மண்ணைக் கொட்ட இடம்? வைகை சிறிய அணைதான், 1959-இல் கட்டியது. அங்கேயும் இதே சிக்கல்தான், அளவு மட்டும் குறைவு.

அடிமதகைத் திறந்தால் போய்விடாதா என்பார்கள். மணல், பருமண் எல்லாம் ஆறு அணைக்குள் நுழையும் தலைப்பிலேயே படிந்துவிடும். மதகுக்குப் பக்கத்தில் இருப்பது மட்டுமே அரித்துப் போகும். வண்டலைப் படியவிட்டு அள்ளுவதைவிட, படியும் முன் கடத்திவிடுவதே மேல் என்பது என் கட்சி. சீனாவில் மஞ்சள் ஆற்றின் சான்மென்சியா அணை 1960-இல் நீர் பிடிக்கத் தொடங்கிச் சில வருஷத்திலேயே மண் மேடானது. அப்புறம் அடித்துளைகளைத் திறந்து மாற்றிக் கட்டினார்கள். 1973-க்குப் பிறகு கலங்கல் வெள்ளத்தை வெளியே விட்டு, தெளிந்த நீரை மட்டும் தேக்குகிறார்கள். வெள்ளத்தை வீணாக்குகிறோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் அணைக்கு ஆயுள் கூடுகிறது.

கேள்வி: முண்டு மிளகாய்க்குக் கண்மாய் வண்டல் போடலாமா?
- வாசகர், முதுகுளத்தூர்

பதில்: தாராளமாக. தாசில்தாரிடம் அனுமதி வாங்கி, கோடையிலேயே அள்ளி, கட்டி உடையக் காயவிட்டு, உழவுக்கு முன் பரப்புங்கள். கரையை ஒட்டியும் மடைக்கு அருகிலும் தோண்டாதீர்கள், கரை வலுவிழக்கும். மேல் வண்டல் தீர்ந்து மணல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கடலோரக் கண்மாய் என்றால் கொஞ்சம் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து உவர் அளவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்த மண்ணை மட்டும் எந்த நிலத்திலும் ஏற்றாதீர்கள்.