கோடு சிக்னலுடையதா, கருவியுடையதா? ஹார்மோனிக்ஸ் அளப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எல்இடி பல்பு இழுக்கும் கரண்ட்டின் ஹார்மோனிக்ஸை (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் அலைகள்), சிக்னலை அதிர்வெண் வாரியாகக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் எஃப்எஃப்டியில் பார்க்க வேண்டும். புரோபை எங்கே மாட்டுவது?

பதில்: சாதாரண புரோபை மெயின்ஸில் மாட்டாதீர்கள். அதன் முதலைக் கவ்வி ஸ்கோப்பின் உடல் வழியே எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. ஃபேஸில் பட்டால் ஷார்ட். எர்த் பின்னைக் கழற்றிவிட்டு மாட்டுவது அதைவிட மோசம், ஸ்கோப்பின் உடலிலேயே 230 வோல்ட் வந்து நிற்கும். கரண்ட் கிளாம்ப் புரோபால் ஃபேஸ் வயரை மட்டும் கவ்வுங்கள். ஒரு பல்பு சில பத்து மில்லிஆம்பியர்தான் எடுக்கும், அது இரைச்சலில் மூழ்கிவிடும். வயரைக் கிளாம்புக்குள் 10 சுற்று விட்டு, வருவதை 10ஆல் வகுங்கள்.

கேள்வி: 50, 100, 150 எல்லாம் ஒன்றாகக் குழம்பித் தெரிகிறது. ஜூம் செய்தும் பிரியவில்லை.

பதில்: பதிவு நேரம் போதவில்லை. இரண்டு கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன் 1 ÷ பதிவு நேரம். 20 மில்லிசெகண்ட் பிடித்தால் 50 ஹெர்ட்ஸ் இடைவெளி. 200 பிடித்தால் 5 ஹெர்ட்ஸ். திரையில் 10 கட்டம் இருந்தால் கட்டத்துக்கு 20 மில்லிசெகண்ட் வையுங்கள். ஹார்மோனிக்ஸ் அளப்பதற்கான ஐஇசி 61000-4-7 தரமும் 50 ஹெர்ட்ஸுக்கு 10 சுழற்சிகளைத்தான் கேட்கிறது.

கேள்வி: அப்படியும் கோட்டின் அடி கூடாரம் போல விரிகிறதே?

பதில்: பதிவுக்குள் முழுச் சுழற்சிகள் அடங்கவில்லை, மெயின்ஸ் எப்போதும் சரியாக 50இல் நிற்பதில்லை. விண்டோவை (பதிவின் ஓரங்களுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்னும் எஃப்எஃப்டி அமைப்பு) ரெக்டாங்குலரிலிருந்து ஹானிங்குக்கு மாற்றினால் அடி சுருங்கும். உயரம் துல்லியமாக வேண்டுமானால் ஃபிளாட்-டாப். ஹானிங்கில் உயரம் 1.4 டெசிபெல் வரை குறைத்துக் காட்டலாம், ரெக்டாங்குலரில் 3.9 வரை. ஃபிளாட்-டாப்பில் கோடு தடிக்கும், ஆனால் 50 ஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி நிற்கும் ஹார்மோனிக்ஸுக்கு அது தொந்தரவில்லை.

கேள்வி: 2 கிலோஹெர்ட்ஸில் பெரிய கோடு. அந்த சர்க்யூட்டில் அப்படி எதுவுமே இல்லை, சார்.

பதில்: சாம்ப்ளிங் வேகத்தை மாற்றிப் பாருங்கள், கோடு இடம் மாறினால் அது சாம்பிள் எடுக்கும் வேகம் போதாததால் வரும் பொய்க்கோடு, அலியாசிங். உதாரணமாக 62 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும் எஸ்எம்பிஎஸ் (சுவிட்ச் முறை பவர் சப்ளை), நொடிக்கு 10,000 சாம்பிளில் 2 கிலோஹெர்ட்ஸாக மடங்கித் தெரியும். 25,000இல் 12 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவும். பதிவு செய்த பிறகு எந்த மென்பொருளாலும் இதை நீக்க முடியாது. முன்பே உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் போடுங்கள், அல்லது மெமரியைக் கூட்டி வேகமாக சாம்பிள் எடுங்கள்.

கேள்வி: ஸ்கோப் காட்டும் டெசிபெல்லை நம்பலாமா?

பதில்: புரோபைச் சரிபார்க்க ஸ்கோப்பின் முகப்பிலேயே வரும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைப் போடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் கோட்டைவிட 3 கிலோஹெர்ட்ஸ் கோடு 9.5 டெசிபெல்லும், 5 கிலோஹெர்ட்ஸ் கோடு 14 டெசிபெல்லும் கீழே இருக்க வேண்டும். 8 பிட் ஸ்கோப்பில் திரையின் உச்ச அளவைவிட சுமார் 50 டெசிபெல்லுக்குக் கீழே தெரிவதை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.

கேள்வி: ஸ்பெக்ட்ரம் அனலைசரில் டிரான்ஸ்மிட்டரின் இரண்டாம் ஹார்மோனிக் அதிகமாக வருகிறது.

பதில்: உள் அட்டெனுவேட்டரை (வரும் சிக்னலைக் குறைக்கும் பகுதி) 10 டெசிபெல் கூட்டுங்கள். வாசிப்பு மாறாவிட்டால் அது டிரான்ஸ்மிட்டருடையது. குறைந்தால் அனலைசரின் மிக்சரே (அதிர்வெண்ணை மாற்றும் உள் பகுதி) உண்டாக்கியது.

கேள்வி: மூன்று ஃபேஸிலும் 5.8 ஆம்பியர், நியூட்ரலில் 9. சமமாகத்தானே லோடு போட்டிருக்கிறோம்?

பதில்: நியூட்ரலில் கிளாம்ப் வைத்து எஃப்எஃப்டி பாருங்கள், 150 ஹெர்ட்ஸ்தான் ஓங்கி நிற்கும். 120 டிகிரி தள்ளியிருக்கும் 50 ஹெர்ட்ஸ் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மூன்றாம் ஹார்மோனிக்கில் அந்தத் தள்ளல் 360 ஆகிவிடுவதால் மூன்றும் கூடும். அடிப்படை 5, மூன்றாவது 3 ஆம்பியர் என்றால் ஃபேஸில் √(5² + 3²) = 5.8, நியூட்ரலில் 3 × 3 = 9. நியூட்ரல் வயரை ஃபேஸைவிட மெல்லிதாகப் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஃபேஸில் இருக்கும் எம்சிபிக்கு (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) இந்த 9 ஆம்பியர் தெரியவே தெரியாது.