காரைக்குடி வீட்டுத் தூண்களில் கரையும் மை

காரைக்குடி வீட்டை ஃபவுண்டன் பேனாவால் வரைந்து, மேலே நீர்வண்ணம் பூசினால் தூண் கோடுகள் ஏன் கரைகின்றன என்று கேட்டிருந்தீர்கள். வண்ணம் பட்டதும் கோடுகள் கரைந்து சாம்பல் நிறமாவதற்குக் காரணம் உங்கள் தூரிகை இல்லை, மைதான். ஃபவுண்டன் பேனா மை பெரும்பாலும் சாய மை, நன்றாகக் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். தண்ணீரில் கரையாத நிறமி மை உள்ள 0.3 மி.மீ. ஃபைன்லைனர் (மெல்லிய முனைப் பேனா) வாங்குங்கள்.

வாங்கியதும் அதே தாளின் ஓரத்தில் நாலு கோடு போட்டு, பத்து நிமிடம் விட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். கரைந்தால் இன்னும் காய விடுங்கள், சில வகைத் தாளில் மை மெதுவாகத்தான் பிடிக்கும்.

அப்புறம், ஷெல்லாக் என்ற அரக்கு கலந்த இந்தியன் இங்க் என்னும் கறுப்பு மையை மட்டும் ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். தொட்டு வரையும் நிப்புக்கு அது அருமையானது.

கரைந்த படத்தையும் தூக்கிப் போடாதீர்கள். அந்தச் சாம்பல் நிறத்தை ஈரத் தூரிகையால் ஓட்டுச் சரிவுக்குக் கீழே இழுத்தால் திண்ணை நிழல் அழகாக விழும்.